ஹான்கோவில் வெயில் வந்த நாள்

பன்னிரண்டு நாள் மழைக்குப் பிறகு
யாங்சியின் மேல் வெயில் வந்தது,
வாடகை பாக்கி வைத்தவன் முகத்தோடு.

படகு எங்களைத் துறையில் இறக்கிவிட்டு
அக்கரைக்குத் திரும்பியது.
முதலில் ஸ்கூட்டர்கள் இறங்கின,
பிறகு தாமரைக்கிழங்குக் கூடைகள்,
கடைசியில் நானும் லுவோவும்.

கரையோரம் வரிசையாகக் கல் கட்டடங்கள்.
ஆங்கிலேயன், ருஷ்யன், பிரெஞ்சுக்காரன்,
ஜெர்மானியன், ஜப்பானியன்
ஆளுக்கொரு துண்டாய்
கரையை அளந்து வாங்கிய இடம்.
(வாங்கிய என்பது அவர்கள் ஏட்டிலுள்ள சொல்.
லுவோ வேறொன்று சொன்னான்.
அது அச்சில் ஏறாது.)

தூண்களுக்கு மட்டும் குறைவே இல்லை.
எதைத் தாங்குகின்றன என்று அண்ணாந்தால்
ஒரு ஏசி பெட்டி,
அதன்மேல் காயும் துடைப்பம்.

சுங்க மாளிகைக் கடிகாரம் பத்து அடித்தது.
யாரும் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

பழைய வங்கியொன்றின் வாசலில்
ஏழு மணப்பெண்கள் படமெடுக்கக் காத்திருந்தார்கள்.
வெள்ளை கவுன்களுக்கு அடியில் ரப்பர் செருப்பு,
ஒருத்திக்கு மட்டும் ஓட்டக் காலணி.
முறை வரும்வரை
எள்விழுது பிசைந்த நூடுல்ஸைக்
காகிதக் கிண்ணத்தில் தின்றார்கள்,
கவுனில் சொட்டிவிடாமல்
கொக்கு போலக் கழுத்தை நீட்டி,
அவசரமாக.
இந்த ஆற்றங்கரையில் சீக்கிரம் ஆறுவது
நூடுல்ஸ் மட்டுந்தான்.

படக்காரன் ஷியோங் மேலே பார்த்துக் கத்தினான்.
மூன்றாம் மாடியின் இரும்புப் பலகணியில்,
சிங்கத் தலைக்கும் கல் மாலைக்கும் நடுவே,
ஒரு பஞ்சுப் போர்வை.
தட்டுத் தட்டாய் சிவப்புப் பூக்கள்.

எடுத்துவிடுங்கள் அக்கா, பத்தே நிமிடம்,
ஐரோப்பா மாதிரி வரவேண்டும் என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள்,
வாயில் பல்துலக்கும் பிரஷ்.
அதை எடுத்துவிட்டு
ஐந்து நிமிடம் பேசினாள்.
வானத்தைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள்,
பலகணிக் கம்பி வழியே
தன் முழங்காலையும் காட்டினாள்.
லுவோ எனக்கு மொழிபெயர்த்தான்:
"முடியாதாம்."

உள்ளே போய்ப் பார்த்தோம்.
பணம் எண்ணிய கூடத்தில்
பதினான்கு மின்மீட்டர்கள், பதினான்கு தபால்பெட்டிகள்,
பூட்டிய சைக்கிள், பூட்டாத சைக்கிள்.
பெட்டக அறையின் கதவு மட்டும்
இன்னும் யானைக் கனம்.
அதற்குள் யாரோ ஊறுகாய் ஜாடிகளை
வரிசையாக வைத்திருந்தார்கள்.
மாடிப்படிச் சுவரில், என் மார்பளவில்
ஆணியால் கீறிய ஒரு கோடு.
முப்பத்தொன்றின் வெள்ளமா என்று கேட்டேன்.
சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள்
யோசித்துவிட்டுச் சொன்னார்:
"என் மகனின் உயரம். ஆறாம் வகுப்பில்."

வெளியே வந்தபோது
ஓட்டக் காலணிக்காரியின் முறை.
ஷியோங் இன்னும் மாடியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான்.
அவள் கிண்ணத்தை வருங்காலக் கணவனிடம் நீட்டினாள்,
உதட்டோரத்து எள்விழுதைத் துடைத்தாள்.
"போர்வையோடு எடு.
மழை விட்டதென்று
பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்."

எடுத்தான்.
அந்நேரம் பார்த்து மேலே
பிரம்பால் போர்வையை அடிக்கத் தொடங்கினாள் அக்கா.
பன்னிரண்டு நாள் ஈரத்தின் வாடை
தூண்கள் வழியாக இறங்கி
மணப்பெண்கள் மேல் படிந்தது.
ஒருத்தி தும்மினாள்.
வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்றிரவு விடுதியில்
என் படங்களைப் பார்த்தேன்.
சிங்கம், மாலை, தூண்கள்,
எல்லாம் அழகாக, எல்லாம் அளவாக.
நாற்பத்திரண்டு படங்கள்,
ஒன்றில்கூடப் போர்வை இல்லை.
ஒவ்வொரு முறையும்
ஓரடி நகர்ந்து நின்றிருக்கிறேன்.

ஷியோங்காவது
அவளிடம் கேட்டான.